ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவே

ஜூன் 17, செவ்வாய்

அத்தையின் கட்டிலுக்கு நேர் மேலே, மச்சுப் பலகையில் மஞ்சள் கறை. போன வாரம் உள்ளங்கை அளவு இருந்தது. இன்று முறம் அளவு. மழை ஒழுகுகிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். மழைத் தண்ணீருக்கு இந்த வாடை கிடையாது. இது மூத்திரம். இரவெல்லாம் தலைக்கு மேலே ஓடி, உருண்டு, பலகையைப் பிறாண்டிவிட்டுப் பகலில் சுகமாகத் தூங்கும் ஏதோ ஒரு மிருகத்தின் மூத்திரம். சித்திரையிலிருந்து இதே கதைதான். எலி என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். எந்த எலியும் பலகை அதிர நடக்காது.

எதிர்வீட்டு வேலம்மை காலையில் தயிருக்கு உறை கேட்டு வந்தாள். கறையைக் காட்டினேன்.

"மரநாய்தான் டீச்சர். விடியக்காலம் உங்க ஓட்டுமேல வாலை நீட்டிக்கிட்டுப் போறதைக் கண்ணால பாத்தேன். ஆம்பள இல்லாத வீடுன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க."

அதற்கு ஒரு நல்ல பதில் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில்தான் தோன்றியது.

எங்களுடையது பூதப்பாண்டியில் பழைய ஓட்டு வீடு. அறைகளுக்கு மேலே பலகை மச்சு. அதற்கும் ஓட்டுக்கும் நடுவே ஆள் குனிந்து நிற்கலாம். ஒரு காலத்தில் நெல்லும் வெண்கலப் பாத்திரமும் போட்டுவைத்த இடம், இப்போது வெறும் தூசி. அக்டோபரில் என் கணவர் இறந்த பிறகு வீட்டில் நானும் அவருடைய அம்மாவான அத்தையும்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஓடு மாற்றுவது, ஆசாரியைக் கூப்பிடுவது எதுவும் முன்பு என் வேலையாக இருந்ததில்லை. இனி எல்லாமே என் வேலை.

மாலையில் கொழுந்தன் தாணு சென்னையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். அத்தை கைபேசியை எப்போதும்போல் தலைக்கு மேலே மோட்டைப் பார்த்துப் பிடித்திருந்தார். கறை முழுவதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மைனி, இது மனுசர் இருக்கிற இடமா? அம்மைக்கு இருமல் வேற. ஆடி பொறக்கதுக்குள்ள மேல சரியாகலேன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன். பொறவு எங்கிட்ட வருத்தப்படக் கூடாது."

கூட்டிக்கொண்டு போகட்டும், எனக்கென்ன. ஆனால் என் வீட்டைப் பார்த்து மனிதர் இருக்கிற இடமா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடமாட்டேன். ஆடிக்கு முன் அந்த மிருகம் வெளியே போயாக வேண்டும்.

ஜூன் 18, புதன்

ஆசாரி வருகிறேன் என்றார். வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

வந்தார். மாதேவன் ஆசாரி, ஓட்டு வேலைக்கு இந்தப் பக்கத்தில் இவர்தான் என்கிறார்கள். அவரும் அப்படித்தான் சொல்கிறார். முற்றத்தில் நின்று ஓட்டைப் பார்த்தபடி வெற்றிலை போட்டு முடித்தார். தான் விரட்டிய பாம்பு, உடும்பு, குரங்கு பற்றியெல்லாம் சொன்னார். மரநாய்க்கு மூக்குதான் எல்லாமாம், மூக்கைக் கெடுத்தால் ஊரைவிட்டே போய்விடுமாம். பாச்சை உருண்டை ஒரு பை நிறைய மேலே போட வேண்டும், பிறகு மிளகாய்ப் புகை.

எந்த வீட்டில் இப்படிச் செய்து மரநாய் போனது என்று கேட்டேன்.

"செய்தது இல்ல டீச்சர். உங்க வீட்டுலதான் முதல்ல செய்யப் போறோம்."

மிளகாய்ப் புகை என்றதும் அத்தை கட்டிலிலிருந்து எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். முட்டுவலியால் பக்கத்துத் தெருக் கோயிலுக்கும் வர முடியாது என்பவர். நெஞ்சு அடைக்கும் என்றார். அது நியாயம். பிறகு, அதுவும் ஒரு உசிருதானே, போற போக்குல போகட்டும் என்றார். போன ஐப்பசியில் கிணற்றடிக்கு வந்த சாரைப்பாம்பைத் தென்னைமட்டையால் அடித்துக் கொன்று, அது சாரைதான் என்று நான் சொன்ன பிறகும் இன்னும் இரண்டு அடி போட்டவர் இந்த அம்மாள்.

புகை வேண்டாம் என்று முடிவாயிற்று. ஆசாரி ஏணி வைத்து, ஓரத்தில் ஓர் ஓட்டைத் தூக்கி உருண்டைகளை உள்ளே வீசினார். வீடு முழுக்கத் துணிப்பெட்டி வாடை.

ஜூன் 21, சனி

உருண்டைகள் எல்லாம் காலையில் முற்றத்தில் கிடந்தன. அத்தை துடைப்பத்தோடு நின்றார். மரநாய் தள்ளிவிட்டிருக்கும் என்றார், கொஞ்சம் பெருமையாக. மச்சு சமதளம். சமதளத்தில் கிடக்கும் உருண்டை தானாக வெளியே வராது. ஒரு மிருகம் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போடுமா என்பதும் சந்தேகம். யோசிக்க வேண்டும். ஆனால் எண்பது விடைத்தாள் கிடக்கிறது.

ஆசாரிக்குப் போன் செய்தேன். அப்படின்னா இது சாதாரண மரநாய் இல்ல டீச்சர் என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

மதியம் வகுப்பு இல்லாத நேரத்தில் வனத்துறைக்குப் போன் செய்தேன். இளவயதுப் பெண் குரல், மரியாதையாகப் பேசினாள். பிடிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. சாயங்காலம் இரை தேடி வெளியே போகும். குட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு அந்த நேரத்தில் வழிகளைக் கம்பிவலை போட்டு அடைத்துவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ளாமல் பாச்சை உருண்டையை முகர்ந்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டாள். "மேல தின்ன ஏதாவது வச்சிருக்கீங்களா மேடம்? சும்மா ஒரு எடத்துல இவ்வளவு நாள் நிக்காது." என் வீட்டு மச்சில் தூசி மட்டும்தான் இருக்கிறது என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சரிங்க மேடம் என்று வைத்துவிட்டாள்.

தலைவலி என்று சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். அத்தை கட்டிலில் இல்லை. உள்ளறையிலிருந்து வியர்த்து வழிய வந்தார். முட்டுக்கு எண்ணெய் போட்டேன் என்றார். கையில் எண்ணெய் வாடை இல்லை, பழ வாடை. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மட்டிப்பழச் சீப்பில் பாதி இல்லை. சர்க்கரை நோய்க்காரி, ஒளித்துத் தின்கிறார். பள்ளிப்பிள்ளை மாதிரி அடுத்த அறையில் நின்று தின்கிறார்.

ஒளிப்பது இந்தக் குடும்பத்து ரத்தத்தில் இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

அத்தையின் சர்க்கரைப் பரிசோதனை முடிவு வந்தது. போன மாதத்தைவிடக் குறைவு. கருவியில் பிழை இருக்கும்.

ஜூன் 28, சனி

திருநெல்வேலியிலிருந்து என் கணவரின் ஒன்றுவிட்ட அக்கா போனில். ஆடி அமாவாசைக்காவது படுக்கை வைப்பாயா என்றார். இறந்தவருக்குப் பிடித்த பண்டங்களை ஓர் அறையில் பரப்பி, கதவைச் சாத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திறப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பதினாறாம் நாள் எல்லோரும் கூடியிருந்தபோதே நான் சொல்லிவிட்டேன், இந்த வீட்டில் இனி படுக்கையும் கிடையாது, படையலும் கிடையாது என்று. கத்தவில்லை. வகுப்பில் தேர்வுத் தேதி சொல்வதுபோல் சொன்னேன். அத்தை அப்போது மூலையில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை. ஒத்துக்கொண்டார் என்று பொருள்.

இறந்தவர்கள் சாப்பிடுவதில்லை. இதைச் சொல்லப் பட்டம் தேவையில்லை. உயிரோடு இருந்தபோதே தனக்கு என்ன வேண்டும், எங்கே வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லத் தெரியாத மனிதருக்கு, இப்போது பார்த்துப் பார்த்துப் பரிமாற வேண்டுமாம்.

மரநாயைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எங்கேயோ போய்விட்டது.

ஜூன் 29, ஞாயிறு

முடிந்தது. மச்சுக்குப் போகும் கதவின் சாவியைக் காணவில்லை என்று அத்தை சாதித்துவிட்டதால் எல்லா வேலையும் வெளியிலிருந்தே நடந்தது. ஆசாரி மதியமே வலையை வெட்டித் தயாராக வைத்தார். அப்போதே ஓட்டின் இடுக்கு வழியே டார்ச் அடித்துக் குட்டி எதுவும் இல்லை என்றார். பொழுது சாய வேலம்மை தன் வீட்டு மாடியில் நின்று காவல் காத்தாள். "போயாச்சு, போயாச்சு, பனைமூட்டுக்குப் போயாச்சு" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். ஆசாரி ஏணியில் ஏற, நான் கீழே பிடித்துக்கொண்டேன். ஓட்டின் ஓரச் சந்து, பக்கச் சுவரில் காற்றுக்கு விட்ட மர அழி, உடைந்த ஓடு. மூன்றையும் அடைத்தாயிற்று.

அத்தை வெளியே வரவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஒரு சத்தமும் இல்லை. முதல் இரவு வலையைப் பிறாண்டிப் பார்த்தது, பிறகு போய்விட்டது. நேற்று வரவே இல்லை. ஆசாரியின் ஆளை வைத்துக் கறை பிடித்த பலகையைத் தேய்த்துக் கழுவி, புகைப்படம் எடுத்துத் தாணுவுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அவ்வளவுதான்.

அது இனிமே வராதோ என்று அத்தை கேட்டார். வராது என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 5, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் உள்ளறைச் சுவரில் எறும்புச் சாரை. மச்சுக் கதவின் இடுக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அழுகிய பழ வாடை. அத்தை குளிக்கப் போயிருந்தார், கட்டிலில் அவிழ்த்துப் போட்ட சேலையின் முந்தியில் முடிச்சு. முடிச்சுக்குள் சாவி.

அந்த அறையிலிருந்தே மச்சுக்குப் போகும் மரப்படியில் ஏறினேன். கதவைத் தூக்கியதும் எதிரே இரண்டு எவர்சில்வர் தட்டுகள். ஒன்றில் மட்டிப்பழம் கறுத்து ஒழுகிக் கிடந்தது. இன்னொன்றில் பழத்தோடு முந்திரிக்கொத்து, பயறும் வெல்லமும் உருட்டி மாவில் தோய்த்துச் சுட்டது, அதன்மேல்தான் எறும்பு. பக்கத்தில் காப்பி வற்றிப்போன டம்ளர். உயிரோடு இருந்தபோது அவர் குடித்த டம்ளர், அலமாரியில் காணோமே என்று நான் நினைத்திருந்தது. ஓரமாக ஒரு கைத்துடைப்பமும் முறமும். சுற்றிலும் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. பாச்சை உருண்டையை எந்த மிருகம் வெளியே போட்டது என்பதும் தெரிந்தது.

நான் தட்டோடு இறங்கும்போது அத்தை ஈரத்தலையோடு வாசலில் நின்றார்.

"இது என்ன அத்தை?"

"தட்டு."

"முட்டுவலின்னு கோயிலுக்கு வரமாட்டீங்க. இந்தப் படியில எப்படி ஏறினீங்க?"

"உக்காந்து உக்காந்து ஏறினேன்."

"நான் அதைத் துரத்த நாயாப் பேயா அலையுறேன். நீங்க அதுக்குப் பந்தி வச்சிட்டு இருக்கீங்க."

"அதுக்கு ஒண்ணும் வைக்கல்ல. எம் பிள்ளைக்கு வச்சேன். செவ்வாயும் வெள்ளியும்."

உங்கள் பிள்ளை வந்து தின்றுவிட்டுப் போவதாக நினைத்தீர்களா என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேட்டேன்.

"எனக்குக் கூறு இல்லேன்னு நினைச்சியா? மரநாய்னு முதல்லயே தெரியும். அதுக்க புழுக்கையை வாரினது ஆரு, நீயா?"

பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார். அப்படியே எழுதிவைக்கிறேன்.

"ஆறாம் மாசமும் நீ ஒண்ணும் வைக்க விடல்ல. பொறவுதான் மேல கொண்டுபோனேன். படுக்கையில வச்சதை வீட்டுல உள்ளவங்க எடுத்துத் தின்னணும், அதுதான் முறை. நான் சர்க்கரைக்காரி. நீ தொடமாட்ட. பொறவு ஆரு இருக்கா? முதல்ல வச்சது வச்சபடி இருந்தது. எடுத்துக் கொட்டப் போனேன். கை வரல்ல, கேட்டியா. எம் பிள்ளைக்கு வச்சதைக் குப்பையில கொட்ட எனக்குக் கை வரல்ல. அடுத்த தடவை போய்ப் பாத்தா தட்டு காலியா இருந்தது. எது தின்னா எனக்கென்ன. கழுவிக் கவுத்தி வைக்க ஒரு தட்டு கெடச்சது."

நான் பேச்சை அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கோ இருந்து வந்துவிட்டது.

"நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல அத்தை. அடுத்த அறையில நான் வினாத்தாள் எழுதிட்டு இருந்தேன். கேஸ் மாத்திரையைப் போட்டுக்கிட்டுக் கதவைச் சாத்திட்டுப் படுத்தாரு. என்னைக் கூப்பிட அவருக்கு எத்தனை நேரம் ஆகும்? அவருக்கு நான் படைக்கணுமா?"

"அவரு அவருன்னு ஆரைச் சொல்லுக? எம் பிள்ளைக்கு ஒரு பேரு உண்டு. தெரு முழுக்கக் கேக்கிற மாதிரி பேரைச் சொல்லிக் கூப்பிட்ட பொம்பளதானே நீ. வேண்டாம்னு நானே எத்தனை தடவ சொல்லியிருக்கேன். இப்ப ஒம்பது மாசமா உன் வாயில அந்தப் பேரு வரல்ல. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், புரபசரம்மா."

இரண்டு தட்டையும் கொண்டுபோய்த் தென்னைமூட்டில் கொட்டினேன். எனக்குக் கை வந்தது.

பழமும் முந்திரிக்கொத்தும் வாங்கிக் கொடுத்தது யார் என்று சாயங்காலம்தான் விளங்கியது. மரநாயைக் கண்ணால் பார்த்த அதே வேலம்மை. கேட்டதற்கு, பெரியம்மை கேட்டா வாங்கிக் குடுக்காம இருக்க முடியுமா டீச்சர் என்றாள். அவளிடம் நான் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பேசவில்லை. அவரும், நானும்.

ஜூலை 8, செவ்வாய்

அத்தை தாணுவைத் தானே போனில் கூப்பிட்டு, வந்து கூட்டிட்டுப் போ என்று சொன்னார். நான் அடுப்படியில் இருந்தேன், கேட்டது. தாணு சனிக்கிழமை காலை வருகிறார், அன்று மாலை ரயிலிலேயே திரும்புகிறார்கள்.

வீட்டில் இப்போது ஒரு குறையும் இல்லை. கறை போயிற்று, வாடை போயிற்று. இருமல்கூடக் குறைந்திருக்கிறது. ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. அப்புறம் எதற்காகப் போகிறார்? நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியது என் வேலை இல்லை. ஓர் ஆளுக்குச் சமைப்பது எளிது. காலையில் ஊசி போடும் வேலை மிச்சம். கல்லூரியிலிருந்து ஓடி வர வேண்டியதில்லை.

மேலே சத்தம் இல்லை. கீழேயும் இல்லை. அப்படியும் தூக்கம் வரவில்லை, புழுக்கம்.

ஜூலை 10, வியாழன்

ஆசாரி வந்து வலையெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று விசாரித்தார். பாவம், நல்ல எண்ணத்தில் வந்தவர். ஓரத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, இதுதான் வேலை செய்கிற லட்சணமா என்று பிடித்துக்கொண்டேன். கம்பி எங்கே டீச்சர் என்று தேடினார். தேடட்டும்.

உள்ளே அத்தை சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பழைய பரிசோதனைச் சீட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். சென்னை டாக்டர் கேட்பார் என்றேன். இந்த வாரத்தில் அவரிடம் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். வாங்கி வைத்துக்கொண்டார். முன்பானால், உன் சீட்டும் வேண்டாம் உன் டாக்டரும் வேண்டாம் என்று அரைமணி நேரம் சண்டை நடந்திருக்கும்.

இவர் சண்டை போடாமல் இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பஸ் நிலையத்தில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கினேன். காரணம் எதுவும் இல்லை, நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை. தட்டு அலமாரியைவிட்டு அசையவில்லை. மச்சுச் சாவியை அத்தை சாமிப்படத்துக்குக் கீழே, என் கண்ணில் படும்படி வைத்திருந்தார்.

ஜூலை 12, சனி

தாணு காலையில் வந்தார். செருப்பைக் கழற்றியதும் மோட்டைத்தான் பார்த்தார். "மைனி, கொள்ளாம். மரநாய் இருந்த இடம்னு ஒருத்தன் சொல்லமாட்டான்" என்றார். பிறகு அவருக்கே ஒரு சந்தேகம் வந்ததுபோல் அத்தையின் பையைப் பார்த்தார். இவ்வளவு சரியாக இருக்கும்போது ஏன் என்பது அவர் முகத்தில் இருந்தது. அம்மாவிடம் கேட்கத் துணிச்சல் இல்லை. என்னிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று அதைவிடப் பயம்.

காப்பி கொடுத்தேன். இட்லி கொடுத்தேன். அத்தை வெள்ளைச் சேலையில் தலையைச் சீவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல. ரயில் சாயங்காலம்தான். காலையிலேயே புறப்பட்டு உட்கார்ந்த அந்தக் கோலத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறியது. நாற்பத்தொன்பது வயதில் இப்படிக் கோபம் வரக் கூடாது. வந்தது.

அலமாரியைத் திறந்து அந்தத் தட்டை எடுத்தேன். மட்டிப்பழம் வைத்தேன். வேலம்மை வாங்கிக் கொடுத்த டப்பாவின் அடியில் முந்திரிக்கொத்து மிச்சம் கிடந்தது, அதையும் வைத்தேன். காப்பி ஆற்றினேன். சாவியை எடுத்தேன்.

"மைனி, எங்க போறீங்க?" என்றார் தாணு.

"மேல."

படியேறித் தட்டை வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, மேல்படியில் உட்கார்ந்தேன். கும்பிடவில்லை. கும்பிட வரவில்லை, வரவும் வராது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்றும் தெரியாது. போதும் என்று தோன்றியபோது கதவைத் திறந்தேன். எல்லாம் வைத்தபடி இருந்தது. வேறெப்படி இருக்கும்? வலை போட்டு அடைத்தவள் நான்தானே.

தட்டை இறக்கிக்கொண்டு வந்தேன். அத்தையின் கட்டிலுக்கு முன்னால், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தேன். முதலில் பழம். தாணு எழுந்து நின்றுவிட்டார். முந்திரிக்கொத்து பழையது, கல்லாக இருந்தது. கடைவாயில் வைத்துக் கடித்தேன்.

"மெதுவாத் தின்னு. பல்லு போயிரும்" என்றார் அத்தை.

வாயில் இருந்ததை விழுங்கினேன்.

"பூதலிங்கத்துக்கு முந்திரிக்கொத்து பிடிக்காது" என்றேன்.

அந்தப் பெயர் எனக்கே புதிதாகக் கேட்டது. தொண்டையில் மாவு ஒட்டியிருந்தது.

"ஆரு சொன்னா?" அத்தையின் குரல் ஏறியது. "சின்னதுல இருந்து அவனுக்கு அதுன்னா உயிரு. தீவாளிக்கு அவனுக்குன்னே தனியாச் சுட்டு வைப்பேன்."

"நீங்க கஷ்டப்பட்டுச் சுடுறீங்கன்னு உங்க முன்னால ஒண்ணைத் தின்னுவாரு. மிச்சத்தை மடியில கட்டிட்டு வந்து என் மேசையில வைப்பாரு. கல்யாணம் ஆனதுல இருந்து நான்தான் தின்னுட்டு இருக்கேன். எனக்கும் பிடிக்காது."

"பொய் சொல்லாதட்டி."

"பொய்னா பூதலிங்கத்துக்கிட்டயே கேளுங்க."

தாணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தையின் வாய் கோணியது. அழப்போகிறார், நான்தான் அழவைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"கள்ளப் பய" என்றார் அத்தை. "கள்ளப் பய. எங்கிட்ட இன்னும் ரெண்டு தா அம்மான்னு கேட்டு வாங்குவானே."

"எனக்குத்தான் கேட்டு வாங்கினது."

"அப்போ சித்திரையில இருந்து நான் அவனுக்குப் பிடிக்காததைத்தான் வச்சிட்டு இருந்தேனா? பொறவு அவனுக்கு என்னதான் பிடிக்கும்? சொல்லு பாப்போம். பெரிசாத் தெரிஞ்சவ மாதிரி."

சொன்னேன். பஸ் நிலையக் கடையில் நின்றபடியே தின்னும் முட்டை பஃப்ஸ். வெந்தயக் குழம்பின் மறுநாள் அடிமண்டி. வெள்ளரிக்காய், உப்பு இல்லாமல். அத்தை ஒவ்வொன்றையும் மறுத்தார். முட்டை பஃப்ஸை அவன் தொட்டதே இல்லை, வெந்தயம் அவனுக்கு ஆகாது என்றார். தொட்ட கடையின் பெயரைச் சொன்னேன். கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்போமா என்றேன். கூப்பிடு என்றார். நெஞ்சுவலியை ஒளித்தது பற்றியும் சொன்னேன், இந்த முறை பெயர் சொல்லி, இரண்டாம் வகுப்புப் பிள்ளையைத் திட்டுவதுபோல் திட்டினேன். அத்தை தடுக்கவில்லை. நல்லா ஏசு, நானும் ஏசணும்னு வச்சிருக்கேன் என்றார். இரண்டு பேரும் ஏசினோம். தாணு இடையில் ஏதோ சொல்ல வந்தார், நீ சும்மா இருலே என்று இரண்டு பேரிடமிருந்தும் ஒரே நேரத்தில் கிடைத்தது. மைனி வாயிலிருந்து 'லே' வந்ததை அவர் சென்னையில் போய்ச் சொல்லுவார்.

மதியம் சாப்பிடும்போது தாணு, அம்மை, ரயிலுக்கு அஞ்சு மணிக்கே கிளம்பணும் என்றார்.

"நீ போயிட்டு வா மக்ளே. இவ பாதிதான் சொல்லியிருக்கா. மீதியையும் கேக்கட்டும். அதுல எத்தனை பொய்யின்னு பாக்கணும்லா."

தாணு என்னைப் பார்த்தார். உங்கள் விருப்பம் என்பதுபோல் நான் அவருக்கு ரசத்தை ஊற்றினேன். அவர் தனியாகத்தான் போனார். போகும்போது ஓட்டை மாற்றிக் கான்கிரீட் போட்டுவிடலாம் மைனி என்றார். பார்க்கலாம் என்றேன்.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து தட்டைக் கழுவ எடுத்தேன். அத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். எனக்குப் பாத்திரம் கழுவத் தெரியாதாம். பூதலிங்கமே சொல்லியிருக்கிறானாம்.